சாருமதி அனுப்பாத மின்னஞ்சல்

பத்து பாகாட் ஊரில் எங்கள் மாரியம்மன் ஆலயத்துக்குச் செயலாளராக இருந்த சாருமதியை அடித்துத் துரத்தாத குறையாக வெளியே அனுப்பினார்கள். அனுப்பியவர்களின் பெயரை நான் ஒளிக்கப் போவதில்லை. முதல் ஆள் துணைத் தலைவர் வீரமுத்து, டயர் கடைக்காரர். அடுத்தவர் தலைவர் தேனப்பன், இரும்புச் சாமான் கடை முதலாளி. மிச்சப் பேர் தலையாட்டிகள். அந்தக் குழுவில் நானும் இருந்தேன், எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் வயிறு எரிகிறது.

சாருமதி ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவினார்கள். பள்ளி முடித்த கையோடு இங்குள்ள ஆடைத் தொழிற்சாலையில் தையல் வரிசையில் உட்கார்ந்தவள், இன்று அதே தொழிற்சாலையில் ஏற்றுமதிப் பிரிவில் கிராணி, கணக்கு எழுதும் எழுத்தர். அவள் வேலைக்குப் போகும் பேருந்தை ஓட்டுபவன் நான். எப்போதும் முன் இருக்கைதான். ஏறியதும் கைப்பேசியைத் திறந்து ஆலயத்துக்கு வந்த மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுத ஆரம்பித்துவிடுவாள். யார் எழுதினாலும் அன்றைக்கே பதில். "பெருமதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கி "பணிவன்புடன்" என்று முடிகிற முழுக் கடிதம். மெர்சிங் ஊரிலிருந்து ஒருவர் அர்ச்சனை நேரம் கேட்டு எழுதினால், வண்டி எங்கே நிறுத்தலாம் என்பதையும் சேர்த்து எழுதுவாள்.

அவளுக்கு முன் செயலாளராக இருந்தவர் இதே வீரமுத்துதான். அவர் காலத்தில் ஆலய மின்னஞ்சலை எப்போது திறந்தார் என்பது அந்த அம்மனுக்கே வெளிச்சம். ஆலயத்தின் முதல் பெண் செயலாளர் என்று சாருமதிக்கு மாலை போட்டபோது கைதட்டாமல் நின்றவரும் அவர்தான். அந்த மாலையை அவள் வீட்டில் சாமி படத்துக்குப் போட்டாள். அவ்வளவு பெருமை அவளுக்கு அந்தப் பதவியில்.

தீமிதித் திருவிழாவுக்கு முன், ஒரு காலை பேருந்தில் ஏறியவள் முகம் செத்துப் போயிருந்தது.

"ஜெயபாலண்ணே, நான் அனுப்பாத மெயிலெல்லாம் எனக்குத் திரும்பி வருதுண்ணே. நூத்துக்கணக்குல வருது. யாருன்னே தெரியாத ஆளுங்க. இந்த முகவரி இல்ல, போய்ச் சேரலன்னு வருது."

"உள்ள என்ன எழுதியிருக்கு?"

சொல்லக் கூச்சப்பட்டுக் கைப்பேசியை நீட்டினாள். ஆண்மைக்கு மாத்திரை விற்கிற விளம்பரம். படம் வேறு. அனுப்பியவர் என்ற இடத்தில் எங்கள் ஆலயத்தின் முகவரி. அலமாக், ஐயையோ என்று என் வாயில் வந்துவிட்டது.

அன்று மதியமே அவள் தொழிற்சாலையில் கணினி பார்க்கிற ரூபேந்திரனிடம் போய் நின்றாள். அவன் ஆலயக் கணக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, யாரும் உள்ளே நுழையவில்லை, இங்கிருந்து எதுவும் போகவில்லை என்றான். உலகத்தில் எங்கேயோ உட்கார்ந்திருக்கிற ஒரு திருட்டுப் பயல், அனுப்புநர் இடத்தில் ஆலய முகவரியைப் போட்டுவிடுகிறான். மொட்டைக் கடிதத்தின் பின்னால் அடுத்த வீட்டு விலாசத்தை எழுதிப் போடுகிற வேலைதான். போய்ச் சேராதவை எல்லாம் அந்த விலாசத்துக்குத் திரும்பி வருகின்றன. ஆலயத்தின் இணையப் பக்கத்தை வைத்திருக்கும் நிறுவனத்திடம் சொன்னால், எந்தக் கணினியிலிருந்து ஆலயத்தின் பேரில் அஞ்சல் போகலாம் என்று பதிந்து வைப்பார்கள். பிறகு முக்கால்வாசி அடங்கிவிடும். அதற்குத் தலைவரின் கையெழுத்து வேண்டும்.

சாருமதி கடிதத்தை எழுதிக்கொண்டு தேனப்பன் கடைக்குப் போனாள்.

"திருவிழா முடியட்டும்மா. இப்பப் போயி இதெல்லாம் எதுக்கு?" என்றார் அவர். ஆணி வாங்க வந்தவனிடம் திரும்பிவிட்டார். ஒரு கையெழுத்துப் போட எத்தனை நேரம் ஆகும்? அந்த மனிதருக்கு இன்றுவரை அதில் வெட்கம் இல்லை.

அதற்குள் விளம்பரம் பக்தர்களுக்கே போய்ச் சேர ஆரம்பித்தது. பொந்தியான் ஊரில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கும் போயிருக்கிறது. சாருமதி பொறுக்க மாட்டாமல் எல்லாப் பக்தர்களுக்கும் ஓர் அறிவிப்பு எழுதினாள். இவை ஆலயம் அனுப்பியவை அல்ல, திறக்க வேண்டாம் என்று தெளிவாகத்தான் எழுதினாள். ஆனால் கைப்பழக்கம் விடுமா? எங்கள் ஆலயக் கடிதங்கள் எல்லாம் எப்படி முடியுமோ அப்படியே முடித்தாள்: "தெரிந்தோ தெரியாமலோ எங்கள் தரப்பில் ஏதேனும் தவறு நேர்ந்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறோம்."

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து மண்டபத்தில் கூட்டம். வீரமுத்து அந்த அறிவிப்பை உரக்கப் படித்தார். கடைசி வரியை இரண்டு தரம் படித்தார்.

"நீயே தப்புன்னு ஒத்துக்கிட்டு மன்னிப்பும் கேட்டிருக்க. இன்னும் என்னம்மா பேச்சு?"

இந்த மனிதர் மேடை ஏறினால் அந்த வரியைச் சொல்லாமல் இறங்கியதில்லை. அன்னதானத்துக்கு நன்றி சொன்னாலும் அதுதான், பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னாலும் அதுதான்.

"அண்ணே, அது நாம எல்லாரும் எழுதுறதுதானே. மெயில் நான் அனுப்பல. யாரோட முகவரிய வேணும்னாலும் போட்டு யாரும் அனுப்பலாம்," என்றாள் சாருமதி.

"சும்மா கதை விடாத லா. என் முகவரியில எவனாச்சும் அனுப்பினானா?"

அவள் மடிக்கணினியைத் திறந்தாள். இப்படிக் கேட்பார்கள் என்று தெரிந்துதான் ரூபேந்திரனிடம் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் மண்டபத்தில் இருந்த கைப்பேசிகள் ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டன. என்னுடையதும்தான். டயர் கடையின் முகவரியிலிருந்து வந்திருந்தது: "செயலாளர் சாருமதி மேல் எந்தத் தவறும் இல்லை. இப்படிக்கு, வீரமுத்து."

வீரமுத்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "நான் அனுப்பல! என் கை போன்ல கூடப் படல!"

"இதத்தாண்ணே நானும் சொல்றேன்," என்றாள் சாருமதி.

நான் சிரித்துவிட்டேன். என் பக்கத்தில் இருந்த மலரும் சிரித்தாள். மலர் மகளிர் பிரிவுத் தலைவி. வேலை முடிந்தது, இனி யாரும் வாய் திறக்க முடியாது என்று நாங்கள் இரண்டு பேரும் முட்டாள்தனமாக நினைத்தோம்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த குழு உறுப்பினர் ராஜசேகரன் மெதுவாகச் சொன்னார். "அப்ப இவங்களுக்குச் செய்யத் தெரியுது."

மண்டபமே அவர் பக்கம் திரும்பியது.

"ஆமா லா! நமக்கு யாருக்குத் தெரியும் இந்த வேல? தெரிஞ்சவங்கதானே செஞ்சிருக்கணும்!" வீரமுத்துவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சாருமதி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். அவள் பேச வாயெடுப்பதற்குள் நான் கத்தினேன். மலரும் கத்தினாள். யார் காதில் ஏறியது? தேனப்பன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, செயலாளரை மாற்றலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார். எங்கள் இரண்டு பேரைத் தவிர எல்லாக் கைகளும் உயர்ந்தன. அவள் யாருக்கெல்லாம் மகள் கல்யாணப் பத்திரிகையை உட்கார்ந்து திருத்திக் கொடுத்தாளோ அந்தக் கைகளும் உயர்ந்தன. நன்றி கெட்ட ஜென்மங்கள்.

அவள் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனாள். மறுநாள் பேருந்தில் முன் இருக்கையில்தான் உட்கார்ந்தாள். கைப்பேசியைத் திறக்கவில்லை. மூவார் சாலையைத் தாண்டும்போது, "இனிமே என்னக் கண்டா மாத்திரை விக்கிறவன்னுதானேண்ணே சொல்வாங்க," என்றாள்.

வீரமுத்து மறுபடியும் செயலாளரானார். உலகத்தின் ஏதோ மூலையில் இருக்கிற திருட்டுப் பயலுக்கு எங்கள் ஆலயத்தில் செயலாளர் மாறியது தெரியுமா? அவன் பாட்டுக்கு அனுப்பினான். முன்பை விட அதிகமாக அனுப்பினான். திருவிழா முடிவதற்குள் சூதாட்ட விளம்பரமும் சேர்ந்துகொண்டது. பக்தர்கள் வீரமுத்துவின் கடைக்கே போய்ச் சத்தம் போட்டார்கள். பொந்தியான் தலைமையாசிரியர் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பேன் என்றாராம்.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து திரும்பும்போது, பேருந்திலேயே அவளுக்கு அழைப்பு வந்தது. திரையில் பெயரைப் பார்த்தவள் என்னிடம் காட்டினாள். பிறகு எனக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டாள்.

"சாரு, நான் வீரமுத்துதாம்மா. எல்லாரும் என்னைத்தான் சொல்றாங்க. என் பொண்டாட்டியே ஒரு மாதிரி பாக்குறா. சத்தியமா நான் அனுப்பலம்மா. நீயாச்சும் நம்பு."

குரல் உடைந்திருந்தது. அந்த மனிதரை எனக்குப் பிடிக்காது. அந்தக் குரலைக் கேட்டும் பிடிக்கவில்லை. சாருமதி கைப்பேசியை வாயருகே கொண்டுபோனாள்.

"நம்புறேண்ணே. நீங்க அனுப்பலன்னு எனக்கு நல்லாத் தெரியும். அன்னைக்கு மண்டபத்துல என்கிட்ட நம்புறேன்னு இந்த ஒரு வார்த்தைய நீங்க சொல்லியிருக்கலாம்."

அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவள் அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.