ரத்தம் எடுக்காத கிளினிக்

இன்று பதுளை கிளினிக்கில் தாதி ஊசியை எடுக்கும் முன்பே என் மகள் கையை நீட்டிவிட்டாள். மூட்டுவாதம் வந்த ஆறு வயதுப் பிள்ளைக்கு அது பழகிப்போயிருந்தது.

நான் அந்தக் கையை மடக்கிவிட்டேன்.

"மிஸ், போன வாரம்தான் பசறை ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்தோம். ரிசல்ட் இந்தா போன்ல இருக்கு. இன்னிக்கும் எடுத்தா மருந்து மாறுமாங்க?"

தாதி டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்தார். "மாறாதாம். இந்த ரிசல்ட்டே போதுமாம். அடுத்த மாசம் எடுக்கலாம்."

திரும்பும் பஸ்ஸில், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருக்கும் அக்கா கேட்டார். "அவ்வளவு தூரம் போயும் ரத்தம் எடுக்கலையா? அப்ப என்னத்தப் பார்த்தாங்க?"

"புள்ளயப் பார்த்தாங்கக்கா" என்றேன்.

அடுத்த முறையும் 'எடுத்தால் மருந்து மாறுமா' என்று கேட்கத்தான் போகிறேன். ரத்தம் எடுக்காவிட்டால் அது வைத்தியமே இல்லை என்பவர்கள் தாராளமாகத் தங்கள் கையை நீட்டலாம்.