மாடிச் சன்னலுக்குத் திறந்த கூரை

பக்கத்துக் கடையில் நேற்று ஒரு வேனுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். பெயிண்டில் கலக்கிற தின்னர் வாசம் என் கடைக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. எல்லோருக்கும் மல்லிகைப்பூ வாசம்தான் கல்யாணத்தை ஞாபகப்படுத்தும். எனக்குத் தின்னர். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. வண்ணார்பேட்டையில் கார்களுக்கு ஒயரிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. பேச்சு அதைவிடக் குறைவு. டீக்கடையில் சீனி போட மறந்து கொடுத்தால்கூட அப்படியே குடித்துவிட்டு வருகிற ஆள்.

பாளையங்கோட்டையில் ஒரு அண்ணாச்சி பழைய வெளிநாட்டுக் கார் ஒன்றை மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்டுவந்தார். படகு மாதிரி நீளம். மேலே கறுப்புத் துணிக்கூரை. சுவிட்சைத் தட்டினால் கூரை தானாக மடிந்து பின்சீட்டுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். மறுபடி தட்டினால் எழுந்துவந்து மூடும். கூரையின் ஒயர்களை எலி கடித்துவிட்டது என்று என்னைக் கூப்பிட்டார்கள். காரோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை அண்ணாச்சி பட்டுத்துணியைப் பிரித்து எடுத்துக் கொடுத்தார். படம் பார்த்தேன். வேறென்ன செய்ய? டெஸ்ட் பல்பை வைத்து ஒவ்வொரு ஒயராகத் தேடி, இரண்டு நாளில் புதிதாக இழுத்துவிட்டேன்.

கடைசியில் ஒரு வேலை பாக்கி. மோட்டாருக்குப் போகிற கரண்ட் திரும்பி வரத் தனி ஒயர் கிடையாது. காரின் தகரமே வழி. அதற்காக டிக்கிக்குள் ஒரு ஒயரைத் தகரத்தோடு வைத்து போல்ட் போட்டு முடுக்க வேண்டும். எர்த் என்போம். அடியில் வெறும் தகரம் இருக்க வேண்டும். பெயிண்ட் இருந்தால் கரண்டுக்குக் கதவடைத்த மாதிரி. அண்ணாச்சியோ அந்த வாரம்தான் டிக்கியின் உள்பக்கம்வரை பால் நிறத்தில் பெயிண்ட் அடித்திருந்தார். பக்கத்திலேயே நின்று, "பாத்தியால, மொகம் தெரியுது!" என்று பூரித்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய்க் கொஞ்சம் சுரண்ட வேண்டும் என்று எப்படிச் சொல்வது? பெயிண்டின் மேலேயே முடுக்கிவிட்டேன். எங்கோ துளி தொட்டிருக்க வேண்டும். நாலைந்து தடவை கூரை ஏறி இறங்கியது. சரி, போதும் என்று இருந்துவிட்டேன்.

ஐப்பசியில் டவுனில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை பெயர் சங்கரன். அவருடைய அப்பா பக்கவாதம் வந்து மாடியறையில் படுக்கையாகக் கிடந்தார். குறுகலான மரப்படி, தூக்கி இறக்க வழியில்லை. மேலேயிருந்தாவது மகனைப் பார்க்கட்டும் என்றுதான் கூரை திறக்கிற காராகக் கேட்டு வாங்கியிருந்தார்கள். அண்ணாச்சி என்னையும் பின்னால் நடந்துவரச் சொல்லியிருந்தார்.

பாதி வழியில் தூறல். கூரையை மூடினார்கள், மூடியது. வீட்டுக்கு முன்னால் வந்து திறப்பதற்குத் தட்டினால் சத்தமே இல்லை. நாலு பேர் கூரையைக் கையால் தூக்கப் போனார்கள்.

"கைய வைக்காதீயவே, கம்பி வளைஞ்சிரும்!" என்று அண்ணாச்சி கத்தினார்.

மாப்பிள்ளையை இறங்கச் சொல்லவும் முடியாது. மாலை போட்டு ஏறியவர் மண்டபம்வரை தரையில் கால் வைக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். மாடிச் சன்னலில் அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் நனைந்த கறுப்புத் துணி.

கோளாறு எங்கே என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. டிக்கியைத் திறந்தேன்.

"என்னவே, காருக்குப் பிரசவம் பாக்குதானா?" என்றார் மாப்பிள்ளையின் தாய்மாமா. மேளக்காரர்கள்கூடச் சிரித்தார்கள்.

போல்ட்டைக் கழற்றி, ஸ்குரூடிரைவரால் பெயிண்டைச் சுரண்டினேன். டிக்கிக்குள் தின்னர் வாசம் இன்னும் போயிருக்கவில்லை.

"ஏலே! பெயிண்டுலே, பெயிண்டு!" அண்ணாச்சிக்கு மூச்சு வாங்கியது.

"தப்பு எம்மேலதான் அண்ணாச்சி. அன்னைக்கே சுரண்டியிருக்கணும்."

அவ்வளவு சத்தமாக நான் பேசியது அதுதான் முதல் தடவை. போல்ட்டை முடுக்க நேரமில்லை. ஒயர் நுனியைக் கையாலேயே தகரத்தோடு அழுத்திக்கொண்டு, "தட்டுங்க" என்றேன். மோட்டார் முனகியது. ஒயர் சுட்டது. விரலை எடுக்கவில்லை. திறந்து நின்ற டிக்கிக் கதவு மறைத்ததால் கூரையும் தெரியவில்லை, மாப்பிள்ளையும் தெரியவில்லை. மாடிச் சன்னல் மட்டும் தெரிந்தது. பெரியவரின் இடது கை மெல்ல மேலே வந்தது.

"எப்பா, தெரியுதா?" இது மாப்பிள்ளையின் குரல்.

"அப்பா பாத்துட்டாவலே! தல நனையுது, மூடச் சொல்லு!" என்று மாடியிலிருந்து அவருடைய அம்மா சத்தம் போட்டார்.

"நனையட்டும்மா. இன்னுங் கொஞ்சம் பாக்கட்டும்."

மேளக்காரர்கள் நனைந்துகொண்டே வாசித்தார்கள். பின்னால் வந்த பஸ்கூட ஆரன் அடிக்கவில்லை.

அண்ணாச்சி சுரண்டிய இடத்தையும் என் விரலையும் மாறி மாறிப் பார்த்தார். "வாயத் தொறந்து கேட்டிருந்தா நானே சுரண்டித் தந்திருப்பேம்லா, மூதி" என்றார்.

பெரியவர் அடுத்த பொங்கலைப் பார்க்கவில்லை. கார் மதுரைப் பக்கம் யாருக்கோ விலைபோனது. தெருவை அகலப்படுத்தியபோது அந்த மாடியை இடித்துவிட்டார்கள். மாப்பிள்ளைகள் இப்போது நேரே மண்டப வாசலில் வந்து இறங்குகிறார்கள். படுக்கையில் கிடப்பவர்களுக்குப் போனில் காட்டிவிடுகிறார்களாம். நல்ல வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் படி இறங்க முடியாத ஒருவருக்காக ஒரு தெருவே தூறலில் நின்றதை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.