மாரிசெல்வியின் இரண்டு மணி நேரம்

மாரிசெல்வியின் வேலைக்கு உலை வைத்தது யார் என்று கேட்டால், பாதிப் பழி என்னுடையது. வாட்ச்சோடு நின்றவன் நான்தான்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் முப்பது படுக்கை ஆஸ்பத்திரி ஒன்றில் நான் கணக்கு பார்க்கிறேன். வயிற்றில் சின்னத் துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபி ஆபரேஷனுக்கான ஸ்டீல் கருவிகளைக் கழுவி வந்தவள் மாரிசெல்வி. நாங்குநேரிப் பெண், பென்னலூரில் வாடகை வீடு. முழ நீளக் கத்தரியையும் கிடுக்கியையும் கழற்றி, குழாய்க்குள் பிரஷ் விட்டுத் தேய்த்து, பொட்டலம் கட்டி நீராவி மெஷினில் ஏற்றுவாள். ஆறு வருடத்தில் அவள் கழுவிய கருவியால் ஒருவருக்கும் சீழ் வைத்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே.

2013-இல், ஒரே தடவை பயன்படுத்தித் தூக்கிப்போடும் கருவிகளை விற்க ஓர் ஆள் வந்தான். எது மலிவு என்று பார்க்கச் சொன்னார் ஆஸ்பத்திரியை நடத்தும் டாக்டர். ஒரு செட் கழுவ எவ்வளவு நேரமாகிறது என்று வாட்ச்சோடு போய் நின்றேன். எதற்கென்று அவளிடம் சொல்லவில்லை. மடத்தனம்.

இரண்டு மணி நேரம் ஆனது. இனி தினம் மூன்று ஆபரேஷன் என்பது டாக்டரின் திட்டம். இந்த வேகத்தில் கழுவினால் இன்னும் இரண்டு செட் வாங்கியாக வேண்டும். தூக்கிப்போடும் கருவிக்கு அந்த முதலீடு தேவையில்லை, விலை நோயாளியின் பில்லில் ஏறிவிடும். டாக்டர் உடனே ஆர்டர் போட்டார்.

சேதி கேட்டு ஓடி வந்தாள் மாரிசெல்வி.

“சார், எப்பவும் முக்கால் மணி நேரந்தான் ஆவும். நீங்க வாட்ச்சோட நிக்கவும் நாந்தான் மெதுவா செஞ்சேன்.”

“ஏம்மா அப்பிடி பண்ணே?”

“எங்க வீட்டுக்காரவிய ஒரகடத்துல கார் கம்பெனி லைன்ல நிக்காவ. வாட்ச்சப் பிடிச்சா கைய மெதுவாக்கிரணும், இல்லன்னா டார்கெட்ட ஏத்திருவானுவன்னு சொல்லுவாவ.”

டாக்டரிடம் சொன்னேன்.

“வேல போவுதுன்னா எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுவாங்க, கோபால்” என்றார்.

அவளை உடனே அனுப்பவில்லை. புதுக் கருவிகளை அப்புறப்படுத்தும் வேலையைக் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து, அதற்குத் தனியாக ஆள் வேண்டுமா என்று கேட்டார் டாக்டர். மறுபடியும் வாட்ச்சோடு போனேன். இந்த முறை முதலிலேயே உடைத்துச் சொன்னேன்.

“ஆள் தேவையான்னு பாக்குறாங்க, செல்வி. மெதுவாவே செய்.”

ரத்தம் காயாத கருவிகளை அள்ளிச் சிவப்புப் பையில் போட்டாள். வாயைக் கட்டினாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

“இதுல மெதுவா செய்ய என்ன சார் இருக்கு?” என்றாள்.