நான் இடம் மாற்றிய ஆறு

மனைவி என் கதையை உண்மையிலேயே படிக்கிறாளா என்று வேவு பார்க்க ஓர் ஆற்றையே இடம் மாற்றி வைத்தவன் நான். அதையும் ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்துகொண்டு செய்தேன். என் புத்தி எவ்வளவு தேறும் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கதை சின்னதுதான். சண்டை போட்டுப் பிரிந்த அண்ணனைப் பார்க்கத் தம்பி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் வருகிறான். நெரிசலில் பஸ் பாலத்தின் மேல் நிற்கும்போது, இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்று யோசிக்கிறான். இந்த ஆளை நான் மூன்று வருஷமாகப் பாலத்திலேயே நிறுத்தி வைத்திருந்தேன். முதலில் மழை பெய்தது. மழை மலிவாகத் தெரிந்ததால் வெயிலடிக்க வைத்தேன். வெயிலில் அவன் அழுதது வியர்வை மாதிரி இருந்தது. மறுபடி மழை.

ஒவ்வொரு திருத்தத்தையும் மனைவியிடம் கொடுப்பேன். துவாக்குடிப் பக்கம் ஒரு ஸ்கூலில் கணக்கு டீச்சர். விடைத்தாள் திருத்துகிற வேகத்தில் புரட்டிவிட்டு, "நல்லா இருக்குங்க, அனுப்பிடுங்க" என்பாள். மழைக்கும் அதே நல்லா இருக்கு, வெயிலுக்கும் அதே நல்லா இருக்கு. அவள் ரசத்தைப் பற்றி நான் சொல்கிற அதே குரல். ரசத்தை நான் எவ்வளவு கவனித்துச் சொல்கிறேன் என்பது எனக்குத் தெரியுமே. அங்கேதான் சந்தேகம் பிடித்தது.

ஒரு பத்திரிகையின் தீபாவளி மலருக்குக் கதை அனுப்பக் கடைசி நாள் நெருங்கியபோது பொறி வைத்தேன். காவிரி என்று இருந்த இடத்தையெல்லாம் கொள்ளிடம் ஆக்கினேன். சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கம் வர யாரும் கொள்ளிடத்தைத் தாண்டுவதில்லை. அது ஸ்ரீரங்கத்தைத் தாண்டி அந்தப் பக்கம் ஓடுகிறது. ஸ்கூலுக்குப் போய்வரக் காவிரிப் பாலத்து நெரிசலில் பாதி ஆயுளைக் கழிப்பவள் இதைக் கண்டுபிடிக்காவிட்டால், படிக்கவே இல்லை என்று அர்த்தம்.

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். புருவம்கூட அசையவில்லை.

"நல்லா இருக்குங்க."

"எங்கயாவது இடறுச்சா?"

"இல்லையே."

"அந்த ஆத்துகிட்ட?"

"ஆறு ஆறாத்தான் இருக்கு. என்னதாங்க வேணும் உங்களுக்கு?"

மாட்டிக்கொண்டாள். மூன்று வருஷப் பாராட்டும் பொய் என்று நிரூபித்துவிட்ட குஷியில், அப்படியானால் என் கதையும் தேறாது என்பது உறைக்கவில்லை. விசாரணையைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று தயிர் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது கம்ப்யூட்டரை மூடிக்கொண்டிருந்தாள்.

"அனுப்பிட்டேன்."

"எதை?"

"நீங்க கடைசியா குடுத்ததத்தான்."

தயிரை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. சரியான பிரதி இதுதான் என்று இன்னொரு மெயில் போட உட்கார்ந்தேன். படித்தால் மழை உறுத்தியது. வெயிலாக்கினேன். பிறகு மேகமூட்டம். கடைசி நாள் போய்விட்டது.

சில வாரம் கழித்துப் பத்திரிகை ஆசிரியரிடமிருந்து போன். "கதையை எடுத்துக்கிட்டோம் சார். பாலத்துல அவன் தவிக்கிற இடம் நல்லா வந்திருக்கு. கொள்ளிடத்த மட்டும் காவிரின்னு மாத்திட்டோம். சார் வெளியூருங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

பரிதாபப்பட்டு எடுத்திருப்பாரோ என்று உடனே சந்தேகம் வந்தது. ஆனால் ஆற்றைப் பிடித்துவிட்டாரே. நான் வைத்த பொறியின்படியே அவர் முழுக்கப் படித்திருக்கிறார். அவர் சொன்ன 'நல்லா'வை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. மூன்று வருஷமாகப் பயந்த தப்பு, அவருக்கு ஒரு நிமிஷ வேலை.

மிச்சமிருந்த சந்தேகத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். மனைவி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"முன்னபின்ன தெரியாத மனுஷன் கண்டுபிடிச்சிட்டாரு. தினம் அந்தப் பாலத்துல போற உனக்குத் தெரியல, இல்ல?"

"மொதப் பக்கத்துலயே தெரிஞ்சுது."

"அப்ப ஏன் சொல்லல?"

அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"சொல்லியிருந்தா அவன் இன்னும் பாலத்துலதான் நிப்பான்."