முப்பதாம் நாள் பூசைக்கு வெளியே

என் அண்ணனின் முப்பதாம் நாள் பூசைக்கு அண்ணியை மாதா கோயிலுக்குள் விடவில்லை. இதை யாரிடம் சொன்னாலும், "அப்பல்லாம் அப்படித்தானே, எல்லா எடத்துலயும் ரூல் இருந்துச்சி" என்று ஆறுதல் சொல்வதுபோல் முடித்துவிடுகிறார்கள். எனக்கு ஆறுதல் வேண்டாம். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் தடுப்பூசிக்கு எதிரி இல்லை. ஈப்போவில், குனோங் ராபாட்டில் எங்கள் தாமான் குடியிருப்பில் கோவிட் ஊசிக்குப் பேர் பதியச் சொன்ன அன்றே பதிந்தவள். என்னோடு இரும்புச் சாமான் கடையில் கணக்கு பார்த்தவள் ஒருத்தி மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள், திரும்பி வரவில்லை. அதனால், இரண்டு ஊசியும் போட்டவர்கள் மட்டும்தான் பூசைக்கு வரலாம், கைப்பேசியில் சான்றிதழ் காட்ட வேண்டும் என்று அறிவித்தபோது நான் அது சரி என்ற பக்கம் நின்றேன். எங்கள் பங்குக் கோயில் வாட்ஸ்அப்பில் பெரிய சண்டை நடந்தது. கடவுள் வீட்டுக்குப் போகவும் பாஸ்போர்ட்டா என்றார்கள் சிலர். போடாதவர்கள் வீட்டிலேயே கிடக்கட்டும் என்றார்கள் சிலர். எங்கள் கோயிலில் பாதிப்பேர் வயசானவர்கள், காற்றோட்டமும் சுமார்தான். இன்றைக்குக் கேட்டாலும் ரூல் சரிதான் என்பேன். என் கோபமெல்லாம் அதை வாசலில் வைத்து நடத்திய விதத்தின் மேல்.

அண்ணனும் அண்ணியும் சுங்காய்ப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும், தோட்டம் கைமாறிய பிறகும் அவர்கள் நகரவில்லை. பிள்ளைகள் இல்லை. அண்ணன் செம்பனைக் குலை வெட்டினார், அண்ணி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்த்தார். தோட்டத்தில் இருந்த சின்னக் கோயிலைப் புது முதலாளி இடித்துவிட்டதால், கல்யாணம் காரியம் எல்லாவற்றுக்கும் ஈப்போவில் என் பங்குக்குத்தான் வருவார்கள்.

தோட்டத்து வீடுகளில் எல்லாம் ஆம்பளை பேரில்தான் இருக்கும். செக்ரோல் சம்பளப் பதிவில் அவர் பேர், லயத்து வீட்டுக்கு அவர் பேர், கரண்டுக்கும் தண்ணிக்கும் அவர் பேர். அந்தப் பழக்கம் அப்படியே கைப்பேசிக்கும் வந்தது. வீட்டில் இருந்தது ஒரே ஒரு போன், அது அண்ணனுடையது. அரசாங்கச் செயலியில் ஊசிக்குப் பதியும்போது அண்ணன் தன்னைப் பதிந்து, அண்ணியைத் தன் கீழே 'தங்குங்கான்' என்று, அதாவது தன்னை நம்பி இருப்பவர் என்று, சேர்த்துவிட்டார். அந்த வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் செய்திருப்பார்கள். இருவரும் ஒரே நாளில் என்னோடு தாப்பா மண்டபத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டார்கள், இரண்டாவதையும் ஒன்றாகவே போட்டுக்கொண்டார்கள். அங்கே கொடுத்த வெள்ளை அட்டைகள் இரண்டையும் அண்ணி ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தார். அந்த வீட்டில் முக்கியமான எதுவும் அதற்குள்தான் போகும். அலமாரி பூட்டைவிட அண்ணிக்கு அந்தப் புத்தகத்தின் மேல்தான் நம்பிக்கை.

அதற்குச் சில வாரம் கழித்து அண்ணன் மதிய சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து, கோவிட் இல்லை என்று சொன்ன பிறகுதான் உடலைக் கொடுத்தார்கள். அடக்கத்துக்கு விரல்விட்டு எண்ணுகிற அளவு ஆட்களைத்தான் விட்டார்கள். அண்ணி அவர் விரல்களில் ஜெபமாலையைச் சுற்றினார். நெஞ்சின் மேல் ஜெபப் புத்தகத்தை வைத்தார். எங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான் வைத்தோம். அந்த நேரத்தில் புத்தகத்தைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று யார் பார்ப்பார்கள்?

முப்பதாம் நாள் பூசையில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பீடத்துக்கு முன்னால் இறந்தவரின் படத்தை வைப்போம். சாமியார் அவர் பேரை வாசிக்கும்போது, மனைவியோ கணவனோ எழுந்து போய்ப் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றுவார். அடக்கத்தன்று எல்லாம் அவசரத்தில் நடந்துவிட்டதால், அண்ணி இந்த ஒரு மெழுகுவர்த்தியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அதற்கு முந்திய வாரமெல்லாம் பக்கத்து வீட்டுப் போனில் கூப்பிட்டு அதே பேச்சு. "நல்லபடியா அனுப்பி வைக்கல பாப்பா. இதயாச்சும் நான் ஒழுங்கா செஞ்சிடனும்." சான்றிதழ் இருக்கிறதா என்று நான் கேட்டேன். "இருக்கு, அவரு போன்ல இருக்கு" என்றார். நானும் நம்பிவிட்டேன்.

அன்று சாயங்காலம் கோயில் வாசலில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். மேசைக்குப் பின்னால் எங்கள் பங்குச் செயற்குழுக்காரர் ஒருவர் நின்றார். காப்புறுதி விற்பவர். எங்கள் வீட்டில் எத்தனையோ முறை காப்பி குடித்தவர். முந்திய வாரம் அண்ணன் படத்தை என்னிடம் வாங்கி, வாசிப்பதற்குப் பேரையும் எழுதிக்கொண்டு போனவரும் இவர்தான்.

அண்ணி பிளாஸ்டிக் பையிலிருந்து அண்ணனின் போனை எடுத்து நீட்டினார். ஒவ்வொரு கடையிலும் செயலியைத் திறந்து காட்டச் சோம்பல்பட்டு, அண்ணன் தன் சான்றிதழைப் படம் எடுத்து முகப்பிலேயே வைத்திருந்தார். திரை எரிந்ததும் அவர் பேரும், இரண்டு ஊசியும் போட்டாயிற்று என்ற வரியும் பளிச்சென்று வந்தன.

"அக்கா, இது அண்ணனோடதுலா."

"ஆமாய்யா. எனக்கும் இதுலதான் இருக்கு. அவருக்குக் கீழதான் என்னைப் போட்டாரு."

அவர் செயலியைத் திறந்து பார்த்தார். அது லாக்-அவுட் ஆகிக் கிடந்தது. திரும்ப நுழைய வேண்டுமானால் அதே எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி வரும், அதில் இருக்கும் இலக்கத்தைத் தட்ட வேண்டும் என்றது. அண்ணன் போன பிறகு அந்த எண்ணுக்கு யாரும் டாப்அப் போடவில்லை. லைன் வெட்டுப்பட்டிருந்தது. வராத செய்திக்காக நாங்கள் மூன்று பேரும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"சரி, ஊசி போட்டப்ப வெள்ளை கார்டு குடுத்தாங்கல்ல, அதக் காட்டுங்க."

அண்ணி பைக்குள் கையை விட்டவர் அப்படியே நிறுத்திவிட்டார். அவர் முகம் மாறியதைப் பார்த்ததும் எனக்கும் புரிந்துவிட்டது.

"ஜெபப் புஸ்தகத்துல வச்சேன்" என்றார்.

"புஸ்தகம் எங்கக்கா?"

"அவரு நெஞ்சு மேல."

செயற்குழுக்காரர் போன் முகப்பைத் திரும்பவும் எரியவிட்டுப் பார்த்தார். பிறகு பேசினார், பேசாமலே இருந்திருக்கலாம். "அண்ணனோடது ஓகேதான், ரெண்டும் போட்டிருக்காரு. அக்காவோடதுதான் இல்ல. சூசாலா, கஷ்டந்தான்."

அவர் கேலியாகச் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. நிஜமாகவே கணக்குப் பார்த்து, மண்ணுக்குள் இருக்கிற மனிதருக்கு அனுமதி உண்டு, எதிரே நிற்கிற மனுஷிக்கு இல்லை என்று முடிவுக்கு வந்திருந்தார்.

"அப்ப ஒன்னு பண்ணுங்கண்ணே" என்றேன். "எங்க அண்ணன உள்ள அனுப்பிடுங்க. நாங்க இங்கயே நிக்கிறோம்."

"கோவப்படாத தங்கச்சி. ரூல் எல்லாருக்கும் ஒன்னுதான்."

கடைசி பெஞ்சில் தனியாக உட்காரட்டும் என்றேன். மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு உடனே வெளியே வந்துவிடட்டும் என்றேன். தாப்பாவில் ஊசி போட்ட மண்டபத்தில் நானே கூட இருந்தேன், சத்தியம் பண்ணுகிறேன் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார், எதற்கும் நகரவில்லை. கடைசியில், "லைவ் போட்டிருக்கோம், போன்ல பாக்கலாமே" என்றார்.

அந்த நேரத்தில்தான் பெரிய கார் ஒன்று வந்து நின்றது. இறங்கியவரை எங்கள் பங்கில் எல்லாருக்கும் தெரியும். நிலம் வாங்கி விற்பவர். கோயிலுக்கு மின்விசிறிகள் வாங்கிக் கொடுத்தவர், இறக்கையிலும் தன் பேரை எழுதாததுதான் குறை. "அந்தத் தண்ணிய என் ஒடம்புல விட மாட்டேன்" என்று வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவே போட்டிருந்தார். நான் மட்டுமில்லை, மேசைக்குப் பின்னால் நின்றவரும் அதைக் கேட்டிருக்கிறார். சிரிக்கிற முகம் ஒன்றைப் பதிலுக்குப் போட்டவரே அவர்தான்.

பெரிய மனிதர் போனை எடுக்கவில்லை. மேசைப் பக்கமே வரவில்லை. சாமியார் உடுத்துகிற அறையின் பக்கவாட்டு வாசலுக்கு நேரே நடந்தார். "வாங்கண்ணே, வாங்கண்ணே" என்று இங்கிருந்தே கும்பிட்டார் நம் ரூல்காரர்.

"அவரு காட்டினாராண்ணே?" என்று சத்தமாகவே கேட்டேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு எல்லாருக்கும் தங்கள் போனில் திடீரென்று வேலை வந்துவிட்டது. "அவரு வேறலா, கமிட்டி பாத்துக்கும்" என்றார் ரூல்காரர், என் முகத்தைப் பார்க்காமல்.

அண்ணி என் முழங்கையைப் பிடித்தார். "நீயாச்சும் போ பாப்பா. எனக்குப் பதிலா நீ ஏத்திடு."

"நீங்க இல்லாம நான் போமாட்டேன்" என்றேன். என் பிடிவாதம் ஊரறிந்தது. அன்றைக்கும் அதை விடவில்லை, விட்டிருக்கவும் கூடாது.

கார் நிறுத்துமிடத்தில், சுண்ணாம்பு மலை நிழல் விழுகிற ஓரத்தில் நின்றோம். என் போனில் லைவ் ஓடியது. கோயில் ஒலிபெருக்கியும் கேட்டது. சாமியார் அண்ணன் பேரை வாசித்தது முதலில் ஒலிபெருக்கியில் வந்தது, கொஞ்சம் கழித்துப் போனில் வந்தது. அண்ணி இரண்டு முறையும் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு சாமியார் நிமிர்ந்து, குடும்பத்தார் வரலாம் என்றார். முன்வரிசை காலியாக இருந்தது. அவர் காத்திருந்தார். நாங்களும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம். எதற்கென்று எனக்குத் தெரியாது.

மின்விசிறிக்காரர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்துபோய், என் அண்ணனின் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினார்.

அண்ணன் உயிரோடு இருந்தவரை அந்தப் பெரிய மனிதர் அவரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார். அண்ணி வாங்கி வந்த மெழுகுவர்த்தி அண்ணியின் பையிலேயே இருந்தது. அவர் அழவில்லை. "போன அணைச்சிடு" என்று மட்டும் சொன்னார்.

பூசை முடிந்ததும் ரூல்காரர் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் வாயில் வந்ததெல்லாம் பேசினேன், அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. எழுதினால் பாவசங்கீர்த்தனத்தில் திரும்பவும் சொல்ல வேண்டிவரும். அண்ணி படத்தை முந்தானையால் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டார்.

மறுவாரம் நான் சுங்காய்க்குப் போய் அவரை அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். முகப்பில் இருந்த பெண் அடையாள அட்டை எண்ணைத் தட்டினாள், சான்றிதழ் வந்தது, அச்செடுத்துக் கொடுத்தாள். எதிர்க்கடையில் சொல்லிவிட்டு வந்த தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. நான் வாங்கிக் கொடுத்த புது ஜெபப் புத்தகத்துக்குள் அதை மடித்து வைத்தார் அண்ணி. இவ்வளவு லேசான வேலையைச் செய்து கொடுக்க அந்தச் செயற்குழுவில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதை நினைத்தால், இப்போதும் எனக்குத் தேத்தண்ணி இறங்குவதில்லை.

அதற்குப் பிறகு பல மாதம் அவர் ஈப்போ கோயில் பக்கம் வரவில்லை. கூப்பிட்டால், வருஷப் பூசைக்கு வருகிறேன் என்பார். அந்த வருஷப் பூசை வருவதற்குள் ரூலையெல்லாம் எடுத்துவிட்டார்கள். வாசலில் மேசை இல்லை. தூணோரத்தில் கை கழுவுகிற மருந்துப் புட்டி ஒன்று காலியாகக் கிடந்தது. அதே செயற்குழுக்காரர் பாட்டுத்தாள் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா, உள்ள போங்க" என்றார், ஒன்றுமே நடக்காததுபோல்.

அண்ணி போகவில்லை. ஜெபப் புத்தகத்தைத் திறந்து, அச்செடுத்த தாளை விரித்து அவரிடம் நீட்டினார்.

"அலா, அதெல்லாம் இப்ப யாரும் பாக்கறதில்லக்கா."

"பாருங்க" என்றார் அண்ணி.

"வேணாம்லா அக்கா, அந்த ரூலே போயிடுச்சி."

"ஒங்களுக்கு வேணாம். எனக்கு வேணும். சத்தமா படிங்க."

எங்களுக்குப் பின்னால் ஆட்கள் நின்றுவிட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் உதவவில்லை. பாட்டுத்தாள்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தாளைக் கையில் வாங்கி, அண்ணியின் பேரைப் படித்தார். முதல் ஊசி போட்ட தேதியைப் படித்தார். இரண்டாவது ஊசி போட்ட தேதியைப் படிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. அண்ணி தோளுக்கு மேலே திரும்பி, பின்னால் நின்றவர்களுக்குக் கேட்டதா என்று பார்த்தார். பிறகு தாளை வாங்கி மடித்துப் புத்தகத்தில் வைத்தார்.

"இப்ப போலாம் பாப்பா" என்று சொல்லிவிட்டு, போன வருஷம் பையிலேயே கிடந்த மெழுகுவர்த்தியைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தார்.