அத்தையின் வட்டமும் அப்பாவின் சதுரமும்

“உங்க வீட்டுல வேற யாருக்காச்சும் இப்படி வந்திருக்கா?”

நர்ஸ் நஜ்லா என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியும்.

என் பக்கத்தில் கலாதேவி அத்தை உட்கார்ந்திருந்தார். அப்பாவின் தங்கை. ஈப்போவுக்குப் பக்கத்தில் சிம்பாங் பூலாயில் ஒரு பள்ளி கேண்டீனில் சமைக்கிறார். குடும்பம் சுங்காய் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில், இருபத்துமூன்று வயதில் அவருக்கு இருமுனை மனநோய் வந்தது. மூன்று நாள் தூங்காமல் முறுக்குச் சுட்டு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வீடு வீடாகக் கொடுத்தாராம். பிறகு நான்கு மாதம் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தாராம். நிச்சயமான கல்யாணம் நின்றுபோனது. ரப்பர் மரங்கள் போய்த் தோட்டம் எண்ணெய்க்கான செம்பனையாக மாறி, சனங்கள் கலைந்துபோன பிறகும் ‘மெண்டல் கலா’ என்ற பெயர் அவரை விடவில்லை. இருபது வருடமாக மாத்திரையைத் தவறவிட்டதில்லை. கேண்டீன் பிள்ளைகளுக்கு அவர் நூடுல்ஸ் வறுத்துத் தரும் ‘மீ கோரெங் ஆண்ட்டி’.

இந்த நோய் குடும்பங்களில் எப்படித் தொடர்கிறது என்று ஈப்போ ஆஸ்பத்திரியில் ஒரு மரபணு ஆராய்ச்சி நடக்கிறது. அத்தை அதில் சேர்ந்தார். ரத்த உறவில் ஒருவராவது வந்து ரத்தம் கொடுத்து, குடும்ப விவரம் சொல்ல வேண்டும். யாரும் வரவில்லை. பள்ளியின் கடைசிப் பரீட்சையான எஸ்பிஎம் முடித்துவிட்டு வேலை தேடுகிறேன் என்று ஊர் சுற்றிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார்.

கிளம்பும்போது அம்மா வாசலில் மறித்தார்.

“அக்காவப் பொண்ணு பாக்க வாராங்க பவி. அங்க போயி ஒளறிராத. அப்பாவுக்கு வந்தது முனி அடிச்சது. வியாதி இல்ல.”

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, அப்பா ஒரு வாரம் தூங்காமல் வீட்டுக்குப் பின்னால் கோயில் கட்ட மண் வெட்டினார். அப்புறம் இரண்டு மாதம் யாரோடும் பேசவில்லை. உச்சி வேளையில் முனியாண்டி மரத்தடியில் லாரியை நிறுத்தியதுதான் காரணம் என்றார்கள். சேவல் அறுத்து, கறுப்புக் கயிறு கட்டினார்கள். அண்ணனுக்கு வந்தால் முனி, தங்கைக்கு வந்தால் மெண்டல். நானும் அப்படியே நம்பி வளர்ந்தேன்; நஜ்லா கேட்டபோதுதான் இரண்டும் ஒன்றே என்று உறைத்தது.

நஜ்லா தாளில் பென்சிலால் எங்கள் குடும்பத்தை வரைந்தார். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். நோய் வந்தவர்களுக்கு உள்ளே கறுப்பு. அத்தையின் வட்டம் கறுப்பாக இருந்தது. அடுத்து அப்பாவின் சதுரம். அங்கே பென்சில் நின்றது. அத்தை என்னையே பார்த்தார்.

“இல்லக்கா, யாருக்கும் இல்ல” என்றேன்.

“சரி தம்பி. இது ஒரு ஜீனால வாரது இல்ல. சின்னச் சின்னதா நெறயச் சேர்ந்து வாரது. குடும்பத்துல ஒருத்தருக்கு இருந்தா எல்லாருக்கும் வரும்னும் இல்ல. அதான் யாருக்கு வந்துச்சு, யாருக்கு வரலன்னு சரியாத் தெரியணும்.”

ரத்தம் எடுக்கும்போது கூட ஊசியைப் பார்த்தேனே தவிர, அத்தையைப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் அத்தைதான் முதலில் பேசினார். “பசிக்குதாடா?”

“நீங்களே சொல்லியிருக்கலாமே அத்த.”

“நான் சொன்னா மெண்டல் ஒளறுதும்பாங்க லா. நீ சொன்னா எழுதுவாங்கன்னுதான் கூட்டியாந்தேன்.” ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார். “நல்ல முனிடா அது. ஆம்பளப் பேரு கெடாம பாத்துக்குச்சு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருடத்துக்கு மேலாகத் தனியாகச் சுமந்ததை ஒரு வார்த்தையில் நான் பாதியாக்கியிருக்கலாம். அதற்காகத்தான் என்னைக் கூட்டிப்போனார்.

மறுநாள் நஜ்லாவுக்குப் போன் செய்து, பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. “அப்பாவே வந்து சொல்லணும் தம்பி. அதுவரைக்கும் கேள்விக்குறி போட்டு வைக்கிறேன்” என்றார்.

அப்பா இன்னும் போகவில்லை. இதை எழுதப்போகிறேன் என்று சொன்னபோது லாரி டயரைக் கழுவிக்கொண்டே இருந்தார். குழாயை மூடிவிட்டு, “எழுது. அவ பேரு மட்டும் கெட்டது போதும்” என்றார்.

அந்த லயத்தில் இருந்தவர்கள் இப்போது காம்பாரிலும் ஈப்போவிலும் எங்கெங்கோ இருக்கிறார்கள். அவர்களில் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், தயவுசெய்து இதை அவர்களுக்கு அனுப்புங்கள். படிக்க நேரமில்லை என்றால் நீங்களே சொல்லுங்கள்: கலாதேவிக்கு வந்ததுதான் அவர் அண்ணனுக்கும் வந்தது.