நூலகத்துக்குப் போன தேக்கு பீரோ

மாடம்பாக்கம் கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினால் குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். பெரும்பாலோர் வீட்டிலுள்ள அத்தனை பேரையும் வரிசையாக ஒப்பிப்பார்கள். எங்கள் அத்தை மட்டும், "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கண்களை மூடிக்கொள்வாள். இறைவனிடம் இறைவனுக்காகவே வேண்டிக்கொள்வது எத்தனை உயர்ந்த நிலை என்று, பொருள் தெரியாமலே பதிகங்களை மனப்பாடம் செய்திருந்த பத்து வயதில் நான் வியந்ததுண்டு. அந்த வியப்போடு கொஞ்சம் கர்வமும் சேர்ந்து என்னை ஒரு பிழை செய்ய வைத்தது. அறுபது ஆண்டுகளுக்குப் பின், சென்ற மாதம், அந்தப் பிழை ஒரு பலகையாக என் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்தது.

அத்தை என் அப்பாவின் தங்கை. திருமணமான மூன்றாம் ஆண்டில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். ஏன் வந்தாள் என்பதை எனக்கு எவரும் சொன்னதில்லை. அவளோடு சீர்வரிசையும் ஒரு மாட்டுவண்டியில் திரும்பி வந்தது: பித்தளைக் குடம், அண்டா, தாம்பாளங்கள், கடைசியாக ஒரு தேக்கு பீரோ. புகுந்த வீட்டார் அந்த மூன்றாண்டில் அத்தனை பாத்திரத்திலும் தங்கள் மகனின் பெயரை வெட்டி வைத்திருந்தார்கள். பெயர் வெட்டிய அந்தக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் அத்தை நாள்தோறும் தெருக்குழாய்க்குப் போய் வந்தாள்.

அந்நாளில் எங்கள் பகுதியில் நூலகம் கிடையாது. ஊரார் கட்டடம் கட்டிக் கொடுத்தால் புத்தகங்களை அனுப்புவதாக மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். அப்பா பகலில் தாம்பரத்தில் ரயில்வே எழுத்தர்; மாலையில் சன்னிதியில் பதிகம் பாடுபவர். ஞாயிறுதோறும் கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கும் உழவாரக் குழுவை அவர் ஒரு ஞாயிறு அப்படியே நூலக மனைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். சாமிக்கென்று எடுத்த கருவியை இதற்கு எடுக்கலாமா என்று ஒருவர் தயங்கினார்.

"பதிகத்தை ஏட்டுல எழுதி வெச்சவங்க இல்லேன்னா இன்னிக்கி நான் எதைப் பாடுறது? செதுக்குங்க" என்றார் அப்பா.

வீட்டுக்கு நான்கு செங்கல் என்று கேட்டு வாங்கினோம். கேட்கப் போனவர்களில் நானும் ஒருத்தி. மாதா கோயில் இளைஞர்கள் ஏரி மணலைச் சலித்தார்கள். மரக்கடை பாய் கதவும் சன்னலும் செய்து தந்தார். சுவர் எழுந்து, ஓடு வேய்ந்து, எல்லாம் முடிந்த ஒரு மாலையில் அவர் அப்பாவிடம் வந்து உட்கார்ந்தார்.

"எல்லாம் ஆயிடிச்சி சார். புஸ்தகம் அடுக்க அலமாரிக்குத்தான் மரம் பத்தல."

உள்ளிருந்து அத்தையின் குரல் வந்தது. "என் பீரோவ எடுத்துக்கங்க."

"அது உன் சீரும்மா" என்றார் அப்பா.

"என்னுதுன்னுதான் குடுக்கறேன்."

மறுநாளே பீரோ நூலகத்துக்குப் போனது. ஊரார் கொடுத்த பொருள்களில் எல்லாம் உபயதாரர் பெயரை எழுத ஒரு பெயிண்டர் வந்து சேர்ந்தார். எங்கள் ஊர் உபயங்களில் பொருளைவிடப் பெயர் பெரிதாக இருப்பது வழக்கம். புது பெஞ்சில் எங்கே உட்கார்ந்தாலும் ஒரு வள்ளலின் பெயர்மீதுதான் உட்கார வேண்டியிருந்தது. கடிகாரத்தில் முள்ளுக்குப் பின்னாலும் பெயர். துடைப்பம் மட்டும், எழுத இடமில்லாமையால் தப்பியது. பெண்கள் கொடுத்த பொருள்களில் 'திருமதி' என்று போட்டு அவர்கள் கணவர் பெயரை எழுதினார்கள். வேறு வகையாக எழுதலாம் என்று எவருக்கும் தோன்றவில்லை.

பெயிண்டர் எங்கள் வீட்டுக்கும் வந்து, யார் பெயர் எழுதுவது என்று கேட்டார்.

"சாமி பேருக்கே இருக்கட்டும்" என்றாள் அத்தை.

"இன்னாக்கா நீ, சாமிக்கு இன்னா இனிஷியல் போடறது?"

அத்தை சிரித்துவிட்டாள். அவள் சிரிப்பது அபூர்வம். "ஒண்ணும் எழுத வேணாம்ப்பா. பலகை பலகையாவே இருக்கட்டும்."

எனக்கு அது பொறுக்கவில்லை. நான்கு நாற்காலி கொடுத்தவர் பெயர் நான்கு இடத்தில் மின்னும்போது, வந்த பொருள்களிலெல்லாம் உயர்ந்த தேக்கு பீரோ அனாதைபோல் நிற்பதா? அடக்கத்தால் அத்தை மறுக்கிறாள். அடியாரின் பெருமையை உலகறியச் செய்வது என் கடமை என்று தீர்மானித்தேன். குடத்தில் வெட்டியிருந்த பெயரைப் பார்த்து என் அழகான கையெழுத்தில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, திறப்பு விழாவன்று காலையில் நூலகத்துக்கு ஓடினேன். பெயிண்டர் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார்.

"இன்னா பாப்பா, உங்க அத்த வோணாம்னு சொல்லிச்சே?"

"அத்தையேதான் எழுதச் சொன்னாங்க" என்றேன். கூசாமல் வந்தது அந்தப் பொய்.

மாலையில் விழா. அப்பா பதிகம் பாடித் தொடங்கி வைத்தார். பீரோவின்மேல் போர்த்தியிருந்த மஞ்சள் துணியை விலக்கினார்கள். கதவுகளுக்கு மேலிருந்த பலகையில், 'உபயம்: திருமதி' என்பதற்குப் பின்னால் அந்தப் பெயர், நீல எழுத்தில், ஈரமாகப் பளபளத்தது. கை தட்டினார்கள். நான் எல்லோரையும்விட உரக்கத் தட்டினேன்.

எனக்குப் பின்னால் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். "வூட்டுக்காரர் பேர் போட்டுகீறாங்க பாரு. அப்போ திரும்ப சேந்துட்டாங்களா?"

"போட்டுகீறாங்கன்னா சேந்துட்டாங்கன்னுதான் அர்த்தம்."

அத்தைக்கும் அது கேட்டிருக்க வேண்டும். அவள் எழுந்தாள். கூட்டத்தினூடே நேராக நடந்துபோய், முந்தானையைக் கையில் சுருட்டி அந்தப் பெயர்மீது வைத்தாள். தேய்த்தாள். பெயர் அழியவில்லை, நீலமாக இழுபட்டு நின்றது. கை தட்டல் ஓய்ந்துவிட்டது. அப்பா மேடையிலேயே நின்றுவிட்டார்.

மரக்கடை பாய்தான் முன்னால் வந்தார்.

"கை வெக்காத தங்கச்சி, பெயிண்ட் ஈரமா கீது" என்றார், எல்லோருக்கும் கேட்கும் குரலில். "நம்ம பசங்க பலகைய ஏறுமாறா மாட்டி வெச்சிட்டானுங்க. கதவு இடிக்குது பாரு. இரு, ரெண்டு நிமிசம்."

திருப்புளியால் திருகாணிகளைக் கழற்றிப் பலகையை எடுத்தார். எழுத்துள்ள பக்கம் உள்ளே போகும்படி திருப்பி மாட்டினார். மெருகேறாத வெறும் மரம் ஊரைப் பார்த்தது. கதவு முன்னாலும் இடிக்கவில்லை, பின்னாலும் இடிக்கவில்லை. அன்று அந்த அறையில் இரண்டு பொய்கள் சொல்லப்பட்டன. ஒன்றுக்காக நான் வருந்தவில்லை. மற்றதற்காக அந்த நல்ல மனிதரோடு ஒரு மாதம் பேசவில்லை. நான் செய்த தொண்டை அவர் கெடுத்துவிட்டாராம்.

அத்தை என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. நூலகத்துக்கு மட்டும் நாள்தோறும் போனாள். அந்த பீரோவுக்கு எதிரே அமர்ந்து, விளக்கேற்றும் நேரம்வரை படித்துவிட்டு வருவாள். ஒரு புத்தகத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. உறுப்பினர் படிவத்தில் 'தந்தை அல்லது கணவர் பெயர்' என்றொரு கட்டம் இருந்தது. அப்பா தம் பெயரை எழுதிக்கொள்ளச் சொல்லியும் அவள் அதை நிரப்பவில்லை. இறக்கும்வரை உறுப்பினராகாமலே அங்கிருந்த புத்தகங்களில் பாதியைப் படித்து முடித்தாள்.

இப்போது அந்த ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டு மாடி வைத்த நூலகம் கட்டுகிறோம். மறுபடியும் ஊர்தான் கட்டுகிறது. அடுக்ககங்களில் குடியிருக்கும் இளைஞர்கள் விடுமுறை நாளில் வந்து புத்தகங்களைக் கட்டி அடுக்குகிறார்கள். சென்ற மாதம் அவர்களில் ஒரு பெண், துணியில் சுற்றிய பலகையோடு என் வீட்டு வாசலில் நின்றாள்.

"ஆன்ட்டி, பீரோவ ஷிஃப்ட் பண்றப்போ இதோட பின்பக்கம் பார்த்தோம். உங்க ஃபேமிலி குடுத்ததுன்னு சொன்னாங்க. இவ்ளோ பழைய லெட்டரிங்! பாலிஷ் பண்ணி, பேர் வெளிய தெரியற மாதிரி குழந்தைங்க செக்‌ஷன்ல வெக்கலாம்னு எல்லாரும் ஆசைப்படறாங்க."

இழுபட்ட நீலத்தின்மேல் விரலை வைத்துப் பார்த்தேன். அத்தையின் விரல்கள் சென்ற திசை தெரிந்தது.

"இழைச்சு எடுத்துடச் சொல்லும்மா" என்றேன்.

அவள் திகைத்தாள். "அப்போ யார் பேர் ஆன்ட்டி எழுதறது?"

"சாமி பேருக்கே இருக்கட்டும்."

தச்சர் இழைக்கும்போது நானும் போய் அருகில் நின்றேன். நீலம் படிந்த முதல் சீவலிலேயே பெயர் போய்விட்டது. அடியில் தேக்கு, அன்று அறுத்ததுபோல் மணத்தது. அந்தச் சீர்வரிசையில், புகுந்த வீட்டார் பெயர் வெட்டாமல் விட்ட பொருள் பீரோ ஒன்றுதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தன்னுடையது என்று எடுத்துக் கொடுக்க அவளிடம் வேறெதுவும் இருந்ததில்லை.

அறுபது ஆண்டுகளுக்கு முன், அந்தத் திறப்பு விழாவுக்கு மறுநாள் காலையில் அத்தை தெருக்குழாய்க்கு மண்குடம் எடுத்துக்கொண்டு போனாள். பெயர் வெட்டிய பித்தளைக் குடம் பரணுக்குப் போனது; அதன்பின் அதை அவள் தொடவே இல்லை. அது எங்கேயோ ஒழுகுகிறது போலும் என்று நினைத்து, பரணில் ஏறித் தண்ணீர் ஊற்றிச் சோதித்துப் பார்த்தேன். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. ஓடிப்போய் அந்த நற்செய்தியை அத்தையிடம் சொன்னேன்.